நீலப் பொத்தானும் மாப்பிள்ளைப் பெட்டியும்

பிப்ரவரி 3

விடைத்தாள் திருத்தினேன். ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "மாப்பிள்ளை வந்ததும் வரிசையில் சேர்க்கக் கூடாது. தனியே உட்கார வைத்து, என்ன குறை என்று பார்க்க வேண்டும்." சிரிப்பை அடக்க முடியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். பிஸ்கட் தொழிற்சாலையில், கடையிலிருந்து திரும்பி வரும் பெட்டிக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். போன இடத்தில் முறைத்துக்கொண்டு வந்துவிடுமாம். இயந்திரத்தில் உறை சிக்கினால் அது விக்கல்; உடனே நீலப் பொத்தானை அழுத்த வேண்டும். காலையில் துடைத்து எண்ணெய் போடுவது பல் விளக்கல்.

அங்கிருந்து வரும் சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிப் பாடப்புத்தகமாக்கியது நான். தொழிற்சாலையின் மொழியிலேயே பாடம் என்று ஒப்பந்தக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அவர்கள் பொதியிடும் இயந்திரம் தந்தார்கள். எங்கள் பயிற்சிக் கல்லூரி ஆட்களைத் தயார் செய்கிறது. படிப்பு முடிந்ததும் வகுப்பு முழுவதையும் அவர்களே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அக்காவின் மூத்த மகள், எங்கள் பெரியவளும் இந்த வகுப்பில்தான். செவிலியர் படிப்பில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தாள், நான் சொல்லித்தான். "வேலையைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கப் போறா, நீ ஏன் கவலைப்படறே?" என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

பிப்ரவரி 9

சூப்பர்வைசர் வரவில்லை. தொழிற்சாலை மேனேஜர் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 10

இன்றும் அப்படியே. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு செய்தி மட்டும். அப்படி என்ன ஓயாத மீட்டிங்?

பிப்ரவரி 17

தெரிந்துவிட்டது. பொதியிடும் பிரிவை மொத்தமாக வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். மேனேஜர் எங்கள் கல்லூரி முதல்வர் அறைக்கு வந்து, காபியை ஆற விடாமல் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இப்போதைக்கு ஆள் எடுக்கிறதா இல்ல மேடம்."

"படிப்பு முடியப் போற நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி சார்?"

"படிச்சது எங்க போகுது? திறமை இருந்தா எங்க வேணா வேலை கிடைக்கும்."

ஒப்பந்தத்தில் "தேவைக்கேற்ப" என்று ஒரு சொல் இருக்கிறதாம். இருக்கிறது. அதை நானும் படித்துத்தான் இருந்தேன். தேவை இல்லாமல் போகும் என்று யார் நினைத்தது? அவர் போனதும் முதல்வர், "போகட்டும், மெஷின நமக்கே விட்டுட்டாங்களே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18

வகுப்பில் சொல்லிவிட்டேன். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவளிடம் மட்டும், "அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி.

பிப்ரவரி 21

அக்காவே கூப்பிட்டாள். சொன்னேன்.

"நீ சொன்னேன்னுதானே அந்தச் சீட்ட விட்டோம்? அவங்க அப்பா வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டாரு. என் தங்கச்சி சொல்றா, யோசிக்காதீங்கன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அத்தான் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 4

மருந்துத் தொழிற்சாலையில் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு நேர்முகத் தேர்வு வாங்கினேன். கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நேராக ஓர் இயந்திரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கிருந்த பொறியாளர் பெரியவளைக் கேட்டார்.

"உறை சிக்கிட்டா முதல்ல என்ன செய்வே?"

"விக்கல்னா முதல்ல நீலத்த அழுத்தணும் சார்."

"என்னது, விக்கலா?"

பின்னால் நின்ற தொழிலாளர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதுல நீலம் எங்கம்மா இருக்கு?" என்றார். அந்த இயந்திரத்தில் எல்லாப் பொத்தானும் கறுப்பு. பெரியவள் பார்த்தாள், திரும்பத் திரும்பப் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது. அடுத்து வந்தவனும் நீலத்தைத்தான் தேடினான். அவனுக்கு அடுத்தவளும். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன், பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல.

திரும்பி வரும்போது பேருந்தில் பெரியவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"சித்தி, நீலத்த அழுத்தினா உள்ள என்ன நடக்குது?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் அதைப் பாடமாக நடத்தியவள் நான். "தெரியலடி" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 6

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வகுப்பே இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். நீலம், உறையை அழுத்தி ஒட்டும் இரும்புப் பட்டைகளிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது. காற்று போனால்தான் கையை உள்ளே விடலாம், இல்லாவிட்டால் விரல் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இது தெரிந்திருந்தால் பொத்தான் எந்த நிறமாக இருந்தால் என்ன?

மார்ச் 19

சோப்புத் தொழிற்சாலைக்காரர் தாமாகவே வந்தார். "எங்க மெஷினுக்கு மட்டும் பழக்கிக் குடுங்க, பாதி வகுப்ப நான் எடுத்துக்கிறேன். ஆனா வேற கம்பெனிக்கு அனுப்பக் கூடாது." முதல்வர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அவகாசம் கேட்டேன். வெளியே வந்ததும் பிடிபிடி என்று பிடித்தார்: "வலிய வர்றதத் தள்றீங்களே, ஏற்கனவே பட்டது போதாதா?"

பட்டதால்தான் சார்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. பாதி வகுப்பு என்றால் பெரியவளுக்கு ஓர் இடம் நிச்சயம். அக்காவிடம் தலை நிமிர்ந்து பேசலாம். யாருக்காக மறுக்கிறேன்? பிள்ளைகளுக்காகவா, என் ரோஷத்துக்காகவா? சத்தியமாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 11

சோப்பு, மருந்து, பால் பண்ணை, மூவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டேன். பிள்ளைகள் மூன்று இடத்திலும் சுற்றிப் பழகட்டும், அப்புறம் யாருக்கு யார் பிடிக்கிறதோ பார்க்கலாம் என்றேன். "நாங்க பழக்கி அடுத்தவனுக்கு அனுப்பவா?" என்று சோப்புக்காரர் எழுந்து போய்விட்டார். மற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துப் பொறியாளர், "அந்தப் பாடப்புத்தகத்த முதல்ல மாத்துங்க" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 15

பாதிக்குக் கொஞ்சம் மேல் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பெரியவளுக்குப் பால் பண்ணையில் கிடைத்தது. மாப்பிள்ளை என்று விடைத்தாளில் எழுதினவள் போன் கடையில் வேலைக்கு நிற்கிறாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சோப்புக்காரரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 8

அக்கா வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. பழையபடி சிரித்தாள், என் சமையலில் உப்பு இல்லை என்றாள், அலமாரி இருக்கும் லட்சணத்தைப் பார்த்து அங்கலாய்த்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பேச்சோடு பேச்சாக, "சின்னவளப் போன வாரம் காலேஜ்ல சேத்தாச்சு" என்றாள்.

"எங்க? யார்கிட்ட விசாரிச்சே?"

"பெரியவதான். நாலஞ்சு கம்பெனிக்குப் போன் போட்டா. இதப் படிச்சவங்கள எடுப்பீங்களா, நீங்க எடுக்கலேன்னா வேற யாரு எடுப்பாங்கன்னு ஒவ்வொருத்தரையும் குடைஞ்சு எடுத்துட்டா. அப்புறம்தான் சேத்தோம். உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல."

அவள் பிரியமாகத்தான் சொன்னாள். எனக்கு வலித்தது. அந்தக் கேள்வியை ஒரே ஒரு மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தவள் நான்.

கிளம்பும்போது தெருமுனை வரை கூடப் போனேன். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று சொன்னாள். அது நல்ல படிப்பா என்று என்னைக் கேட்கவில்லை.