மூன்றாவது சர்வரின் லைசென்ஸ்

இன்று காலை சர்வர் அறை ஏசியின் தூசி வடிகட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளை மண் நனைந்த வாசனை வந்ததும் உன்னைத் திட்டத் தோன்றியது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாய். விருத்தாசலத்துப் பீங்கான் ஆலையில் கம்ப்யூட்டர் வேலை என்றால் பாதி நேரம் தூசி துடைப்பதுதான் என்று சிரிப்பாயே, அது இன்னும் மாறவில்லை.

நாம் இருவரும் அடம்பிடித்து வாங்க வைத்த ஸ்டோரேஜ் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? மூன்று சர்வர், ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து கம்ப்யூட்டர் ஓடுகிற ஏற்பாடு நம்முடையது. அதில் ஒன்றை நகலெடுக்க வேண்டுமென்றால், சர்வர் தானே சுமக்காமல் பெட்டியிடம் சொல்லிவிடும், பெட்டி நிமிஷத்தில் முடித்துவிடும் என்று மேனேஜரிடம் பெருமையடித்திருந்தோம். எல்லா வசதியும் திறந்திருந்த சோதனைக் காலம் முழுக்க அப்படித்தான் நடந்தது. சர்வர்களுக்கு நிரந்தர லைசென்ஸ் எண் போட்ட மறுவாரம் அவர் முன்னால் நகலெடுத்துக் காட்டினோம். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தும் முடியவில்லை.

"பெட்டியத் திருப்பி அனுப்பிட்டு, இந்த வேலைய வெளியாளுங்ககிட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார். அந்த வேலையின் சம்பளத்தில்தான் என் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

நீ பதறவே இல்லை. "பேக்கிங்ல ஒவ்வொரு பீங்கானையும் தட்டி, சத்தம் கேட்டுத்தானே பெட்டியில வெக்கறாங்க? நாமளும் ஒவ்வொண்ணா தட்டுவோம், வாடி" என்றாய். மூன்று சர்வரிலும் ஒரே சின்ன நகலை எடுத்துப் பார்த்தாய். இரண்டு சட்டென்று முடித்தன. மூன்றாவது இழுத்தது. அதில் நகலை வேகப்படுத்தும் அமைப்புகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"ஸ்விட்சு போட்டுதான் இருக்குது. கரண்டு வருதான்னு பாப்போம்" என்று லைசென்ஸ் பக்கத்தைத் திறந்தாய். அந்த வசதியே இல்லாத கீழ்மட்ட லைசென்ஸ் அங்கே உட்கார்ந்திருந்தது. நாம் கழித்துக்கட்டிய பழைய சர்வருடையது. போட்டவள் நான். சேத்தியாத்தோப்பில் ஒரு வளைகாப்புக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், பழைய தாளைப் பார்த்து அடித்திருக்கிறேன்.

சரியானதைப் போட்டதும் நகல் பாய்ந்து முடிந்தது. மேனேஜர் கேட்டார்: "யாரு பண்ண வேலை இது?"

"நாங்கதான் சார், மாத்திப் போட்டுட்டோம்" என்றாய், என் பக்கம் திரும்பாமலே. நான் வாயைத் திறக்கவில்லை. திட்டில் பாதியை நீயும் வாங்கிக்கொண்டாய். பஸ் ஸ்டாண்டில், "ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ வூட்டுக்குப் போயிட்டா தூசிய யாரு தொடைக்கறது?" என்றாய்.

இன்று நம் சர்வர்களைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். சர்வர் ரேக் கதவின் உட்புறம் நீ எழுதி ஒட்டிய தாளைப் பார்த்தார். 'முதலில் லைசென்ஸ். அப்புறம் அமைப்பு. பெட்டியைக் கடைசியில் திட்டு.' அதன்படியே மூன்றையும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"நான் பாத்ததுலயே சுத்தமா இருக்குதுங்க. லைசென்ஸ ஏன் மொதல்ல போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் சொல்வதற்குள் நம் மேனேஜர் முந்திக்கொண்டார். "ஒரு தடவ ரெண்டு பேருமா சேந்து மாத்திப் போட்டுட்டாங்க."

எத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்! இன்று முடியவில்லை. "ரெண்டு பேரும் இல்ல சார். தப்பாப் போட்டது நான். கண்டுபிடிச்சது அவ. என் வேலையக் காப்பாத்துனதும் அவதான்."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். தாளின் அடியில் உன் பெயரை எழுதினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததடி.

ஈரத்துணி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நான் எங்கேயும் போய்விடவில்லை.