இருபத்தேழு என்று எழுதிவிட்டேன், அப்பா

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'கப்பல் சார்', எனக்கு மட்டும் அப்பாவான உங்களுக்கு,

நீங்கள் காலமாகி மூன்று வருடமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இன்று பாசிர் கூடாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கட்டுரை நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது அப்பா. பேனா பிடித்தால் கொஞ்சம் தேவலை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பள்ளியில் ஒரு நாற்றம் வந்தது. இந்த ஊரில் நாற்றம் புதிதில்லை. காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துகிறவர்கள்தான் நாங்கள். அன்று சாத்தியும் கண் எரிந்தது. இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பின்பக்கச் சாக்கடையிலிருந்து வருகிறது என்றார்கள். எதனால் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மணியடித்து எல்லாரையும் முன்பக்கத் திடலுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

என்னுடையது நான்காம் ஆண்டு. இருபத்தேழு பிள்ளைகள். திடலில் வரிசையாக நிறுத்திவிட்டு நான் கேட்டேன்: "எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம் டீச்சர்!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள்.

துணை ஆசிரியர் நீட்டிய தாளில் இருபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் அப்பா, நான் செய்தது.

இதைக் கேட்டிருந்தால் நீங்கள் கோபத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் ரெங்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து கடற்படைக்குப் போய், இருபத்தொரு வருடம் கப்பலின் இயந்திர அறையில் வெந்து, வலது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். நாற்பது வயதில், மீசை முளைக்காத பையன்களோடு உட்கார்ந்து ஆசிரியர் பயிற்சி எடுத்தீர்கள். உலு திராம் பள்ளியில் உங்கள் வகுப்பில் நானும் ஒரு மாணவி. மானம் போகும் எனக்கு. வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் திருப்பி அனுப்புவீர்கள். காலையில் ஒரு தடவை, ஓய்வு முடிந்து ஒரு தடவை, வீட்டுக்கு விடும்போது ஒரு தடவை, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவீர்கள். அவரவர் தன் வாயால் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சேர்ந்து கத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. சாருக்கு ஒரு காது கேட்காது, அதனால்தான் ஒவ்வொருவராகக் கேட்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "இது பள்ளிக்கூடமா, கேம்ப்பா?" என்று ஒரு அப்பா சண்டைக்கே வந்தார்.

நான் ஆசிரியரான பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஏம்ப்பா இவ்வளவு நேரத்த இதுல வீணாக்குனீங்க?"

செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள். "கூட்டமா 'இருக்கோம்'னு சொன்னா அதுல யாரு இல்லன்னு தெரியாதும்மா. கப்பல்ல அப்படிக் கேக்கவே மாட்டாங்க."

கப்பலில் அப்படி யாராவது இல்லாமல் போனார்களா? நீங்கள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

என் வகுப்பு லோகினி திடலில் இல்லை அப்பா. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். பின்பக்கக் கழிப்பறை, சாக்கடை ஓரம். நான் மறந்தே போய்விட்டேன். கட்டடத்தைப் பூட்டப் போன காவல்காரர், எங்கள் ஜாகா கிழவர், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோதுதான் என் வரிசையில் நின்றது இருபத்தாறு பேர்தான் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவளுடைய ஒரு கால் சப்பாத்து எங்கேயோ விழுந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது அப்போதுதான்.

பிழைத்துவிட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் என் பயம் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணை மூடினால், கனவில் அந்தக் கிழவர் இன்னும் பத்து நிமிடம் தாமதமாகப் பூட்டப் போகிறார். சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பிக்கிறேன்.

நேற்று தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷிதான். எனக்காகத்தான் பேசினார்.

"டீச்சர், புள்ள திடலுக்கு வந்துச்சு, அப்புறம் சொல்லாம கொள்ளாம டாய்லெட்டுக்கு ஓடிருச்சுன்னு எழுதிருவோம். புள்ளதான் நல்லாயிருச்சே. உங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. யோசிங்க லா."

நடந்ததை நாளைக்குள் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். யோசித்தேன் அப்பா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வேலை போய்விடுமோ, பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது, உலு திராம் பக்கம் போனால் 'கப்பல் சார் மகளா இப்படி' என்பார்களே என்றெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னபடி ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

இன்று மதியம் லோகினியின் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன், பார்க்க வரலாமா என்று. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். கோபமாக ஏதாவது வரும் என்று நினைத்தேன். வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். குரல் பதிவு ஒன்று வந்தது.

"வாங்க டீச்சர். ஆறு மணிக்கு நான் வந்துருவேன். லோகினி அழுதுகிட்டே இருக்கு டீச்சர். டீச்சர் என் பேர கூப்பிட்டிருப்பாங்க, எனக்குத்தான் கேக்கல, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுது. நீங்க திட்டமாட்டீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க டீச்சர்."

நாலு தடவை கேட்டுவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு மணி ஆகப்போகிறது. தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள். மேலே மூன்றாவது மாடியில் ஜன்னல் திறந்திருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் சாவியைத் திருகினேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளை, வராத ஒரு குரல் தனக்குக் கேட்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறது. அந்தத் தாளில் நான் பொய் எழுதினால் அது ஆயுசுக்கும் அப்படியே நம்பும்.

போகிறேன் அப்பா. நாளைக்குத் தாளில் எழுதுவதற்கு முன்னால், அவள் அம்மாவிடம் சொல்வதற்கும் முன்னால், அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்: உன் காதில் ஒரு குறையும் இல்லை கண்ணு, டீச்சர் உன்னைக் கூப்பிடவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயால் பெயர் கூப்பிடப்பட்டு வளர்ந்த மகள்,
மாலதி