ஜெபத்தில் ஊற்றிய ரசம்

பிரிக்பீல்ட்ஸ், 1931 ஆகஸ்டு, ஞாயிறு இரவு.

மகள் கிரேஸ் பிரசவக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுக்காக என்னையே ஜெபிக்கும்படி போதகர் இன்று ஆராதனையில் சொன்னார். என்னைப் போல் ஜெபிக்க இந்தச் சபையில் ஆள் இல்லை என்ற பெருமை எனக்கு உண்டு. விடியுமுன்பே எழுந்து, என்னிடம் சாப்பிடும் ரயில்வேக்காரர்களுக்குச் சமைத்துவிட்டு ஓடிய களைப்பு. கண்ணை மூடி, "பரம பிதாவே" என்று தொடங்கினேன். அடுத்து வாயில் வந்தது, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

பின்னால் இருந்த ரூத், "அக்கா, கர்த்தருக்கே பந்தி வச்சிட்டீங்களே!" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் உயிருக்கு மன்றாட வேண்டிய இடத்தில் நான் ரசம் ஊற்றினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிரேஸுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் பெற்ற சிசு இங்கே வீட்டில் என்னிடம்; இப்போதுதான் அழுது ஓய்ந்தது. நாளைச் சமையலுக்கு இன்னும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. முழங்காலில் நின்றேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, என்னால முடியல. அவ பக்கத்துல நீரே உக்காந்திரும். நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்றேன்.

இதை ஜெபம் என்று சொல்லலாமோ என்னவோ. ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. கண் இழுக்கிறது.