வந்ததாக எடுத்துக்கொண்ட பணம்

பிப்ரவரி 11

லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தால் மேசையில் இயக்குநரின் குறிப்பு: ‘கேள்வி 31 தேவையில்லை. நீக்கவும்.’

31 என் கேள்வி. இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தனை வருடமாகக் குடும்பங்களின் வருமானத்தை அளக்கிறேன். நானாகச் சேர்த்தது அந்த ஒன்றைத்தான். ‘எல்லாப் பிடித்தமும் போக, எல்லா உதவியும் சேர, போன மாதம் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது?’ மற்றபடி நாங்கள் மக்களிடம் கேட்பது மொத்த வருமானத்தை மட்டும். நிகர வருமானத்தை நாங்களே சமைத்துக்கொள்வோம். சட்டப்படி என்ன வரியோ அதைக் கணினி கழிக்கும். சட்டப்படி என்ன உதவித்தொகையோ அதைக் கூட்டும். வந்ததா இல்லையா என்று யாரையும் கேட்காது.

நேரில் போய்க் கேட்டேன். இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘சராசரி’. எதையும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்.

“சராசரியா பாத்தா, ஜனங்களுக்கு ஞாபகம் இருக்காது. வாய்க்கு வந்ததைச் சொல்வாங்க. சட்டம் தப்பா சொல்லாது.”

மாதக் கடைசியில் கையில் என்ன மிச்சம் என்பது ஜனங்களுக்கு மறந்துபோகுமாம். இவருக்கு வேண்டுமானால் மறக்கும்.

பிப்ரவரி 12

நீக்கினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறையும் அடுப்படியும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். புருஷன் விட்டுப் போனதிலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். மகளுக்கு நான்கு வயது. பகலில் குழந்தைகள் காப்பகம், அரசு சலுகையில் பாதிக் கட்டணம். அந்தச் சலுகையில்தான் குடித்தனம் ஓடுகிறது.

“வாடகை உதவித்தொகை வாங்குறல்ல?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“எங்கண்ணா வாங்குறது! அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். போட்டா வாடகை வர்றது வெளிய தெரியும், வரி கட்டணும். ‘வேணும்னா வேற வீடு பாத்துக்கோம்மா’ன்னுட்டார்.”

எங்கள் கணினியில் இவளைப் போன்றவர்களுக்கு அது மாதம் தவறாமல் வருகிறது. கணினிக்கு ரொம்ப நல்ல வீட்டுக்காரர் வாய்த்திருக்கிறார்.

மார்ச் 19

முடிவுகள் வந்துவிட்டன. பிள்ளைகளோடு தனியாக வாழும் பெண்களின் நிகர வருமானம் வறுமைக் கோட்டுக்கு நன்றாகவே மேலே. எப்படி இருக்காது? வாடகை உதவியை அள்ளி அள்ளிக் கூட்டியிருக்கிறதே.

போன வருடம் சோதனைக்காகச் சில தெருக்களில் 31-ஐக் கேட்டிருந்தோம். அந்தப் பதில்களைச் சராசரியிடம் காட்டினேன். உரிமையுள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அந்தத் தொகை கிடைக்கிறது.

“உரிமை இருந்தும் வாங்கலைன்னா அது அவங்க விருப்பம். நாம அளக்கிறது சட்டம் என்ன குடுக்குதுங்கிறதை.”

“சார், என் தங்கச்சிக்கே வரல.”

“சொந்தக் கதை ஆராய்ச்சி ஆகாது” என்றார். சிரித்துக்கொண்டே.

வயிறு எரிகிறது. அவர் பேச்சில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். முறைப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி. வீட்டுக்காரர் சொல்வதும்தான் சரி. எல்லாரும் சரி. தங்கை மட்டும் எங்கேயோ தப்பாக நிற்கிறாள்.

ஏப்ரல் 2

அறிக்கையின் அட்டையில் நான்கு பெயர்கள். கடைசி என்னுடையது. எடுத்துவிடச் சொல்லலாமா?

மனைவி சொன்னாள்: “உங்க பேரு இல்லேன்னா மட்டும் அறிக்கை நின்னுடுமா? வேலை போகும், அவ்வளவுதான்.”

கையெழுத்துப் போட்டேன். பேனாகூட மக்கர் பண்ணவில்லை.

ஏப்ரல் 30

அமைச்சகம் பாராட்டியதாம். கேக் வெட்டினோம். நானும் தின்றேன்.

ஜூன் 8

தங்கை போன் செய்தாள். காப்பகச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து முழுக் கட்டணம்.

“எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வருமானம் மேல போயிடுச்சாம்ணா. யாரோ ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்களாம். உன் ஆபீஸ்ல யாருக்காவது அவங்களைத் தெரியுமா? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.”

விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கிறேனாம்! என் நாக்கு அழுகிப் போகாதா?

வராத பணத்தைக் கூட்டி, வந்துகொண்டிருந்த பணத்தைப் பிடுங்கியிருக்கிறோம். நாலு பேர் சேர்ந்து. நாலாவது ஆள் நான்.

ஜூன் 9

சராசரியிடம் போனேன். “அடுத்த சுற்றுல பாத்துக்கலாம்” என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17

முழுக் கட்டணம் கட்ட முடியாமல் குழந்தையை வேலைக்கே கூட்டிப் போயிருக்கிறாள். இஸ்திரி அறையில் குழந்தை இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்தார்கள். பிறகு சம்பளமில்லாத விடுப்பு. வாடகை பாக்கி விழுந்தது. காலி பண்ணச் சொல்ல வீட்டுக்காரருக்குக் கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

இன்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு சின்ன வண்டி போதுமாக இருந்தது, அதிலும் பாதி இடம் காலி. குழந்தையைப் பகலில் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். முன்னறையையும் அவள்தான் ஒழித்துக் கொடுத்தாள், குறை சொல்ல முடியாது. அடுப்படிக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தி, “எத்தனை நாளைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 20

அடுத்த சுற்றின் கணக்கு முடிந்தது. 31 இந்தத் தடவையும் இல்லை. சராசரி துள்ளாத குறை. “பாத்தீங்களா, தனிப் பெண்களோட ஏழைக் குடும்பங்க எண்ணிக்கையே குறைஞ்சிடுச்சு!”

எங்கள் விதிப்படி ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். எல்லார் வருமானத்தையும் கூட்டித் தலைக்கு வகுப்போம். அண்ணன் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் போய் ஒண்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அட்டவணையிலிருந்து மறைந்துவிட்டார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்க எங்களிடம் கேள்வி கிடையாது.

அந்தப் பத்தியை எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று எழுதினேன்.

ராத்திரி சாப்பிடும்போது தங்கை கேட்டாள், “என்னண்ணா, மூஞ்சி இப்படி இருக்கு? ஆபீஸ்ல ஏதாவதா?”

“ஒண்ணுமில்ல. தனியா பிள்ளைங்களோட கஷ்டப்படுற பொம்பளைங்க குறைஞ்சிருக்காங்களாம். அறிக்கையில வரப்போகுது.”

பரிமாறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். உண்மையாகவே முகம் மலர்ந்தது அவளுக்கு.

“நல்லதுதானேண்ணா. அவங்களாவது தேறினாங்களே” என்றாள்.

இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டேன்.