எட்டுக்குக் கிளம்பி இரண்டுக்கு

ஜூன் 4
மகள் ஊருக்கு விமான டிக்கெட் வந்துவிட்டது. காலை எட்டுக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்கு இறங்குகிறது. ஆறு மணி நேரம். போன வருடம் என் மனைவி காலில் ரத்தம் கட்டிப் படுத்ததிலிருந்து, நெடுநேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணி நேரம் தாங்கும். முதல் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்த மகள், "இந்தத் தடவை அம்மா பக்கத்துல இருக்கணும்ப்பா" என்றாள். இருப்பாள்.

ஜூன் 7
மாப்பிள்ளை போன் செய்தார். "பதினஞ்சரை மணி நேரம் மாமா, சாப்பிட ஏதாவது கையில வச்சுக்குங்க" என்றார், போகிற போக்கில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரமாம். அங்கே கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பஸ் டிப்போவில் காலமெல்லாம் நேர அட்டவணை போட்டவன் நான். சேரும் நேரத்தில் கிளம்பும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம். வேறு கணக்கு தெரியாமலே ஓய்வும் பெற்றுவிட்டேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8
அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 10
தேடிப் பார்த்தேன். மகள் வீடு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். எங்கள் டிப்போவின் நீண்ட தடமே நானூறுதான். தினமும் போனில் முகம் தெரிகிறதே என்று, பக்கத்துத் தெருவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேனா?

ஜூன் 11
சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும்."
எப்போதிலிருந்து?
"டிக்கெட் போடறதுக்கு முன்னாலயே. நீங்க ஆறு மணி நேரம்னு சந்தோஷமா இருந்தீங்க, அப்படியே விட்டுட்டேன். சொன்னா அனுப்புவீங்களா?"
மாட்டேன்தான். கத்தினேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?
கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள்.


ஜூன் 13
டாக்டர் முதலில் என்னைத் திட்டினார், பிறகு அவளை. போகலாமாம், ஆனால் ஒரே மூச்சில் கூடாது. பாதி வழியில் ஓர் ஊரில் இறங்கி, இரவு தங்கிவிட்டுப் போக வேண்டும். ரத்தம் கட்டாமலிருக்க ஊசி, காலுக்கு இறுக்கமான உறை, மணிக்கொரு தரம் நடை. டிக்கெட்டை மாற்றியாயிற்று. அவள் முகத்தில் ஜெயித்த களை.

ஜூன் 21
பாதி வழி. ஓட்டல் அறை. விமானத்தில் அவள் கண் அசரும்போதெல்லாம் எழுப்பி நடக்கவிட்டேன். "கண்டக்டர் மாதிரி உசுர வாங்காதீங்க" என்று பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள். திட்டட்டும். கால் வீங்கவில்லை. இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 22
வந்து சேர்ந்தோம். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

ஜூலை 5
பேத்தி. நேற்றுப் பிறந்தாள். நல்ல அழுகை, நல்ல எடை. மகள் அசந்து தூங்குகிறாள்.
இவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான், அசையவில்லை. எழுந்து நட என்று சொல்லத்தான் பக்கத்தில் போனேன். தரையில் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.
"யாராவது வந்துடப் போறாங்க" என்றாள்.
வரட்டும்.