ஈனெஸ் சொன்ன உதாரணம்

ஜூலை 3, வியாழன்

இன்றும் விசா பேப்பர் வரவில்லை என்றுதான் சொன்னேன். எதிர்வீட்டு ரஞ்சிதம் வாரம் தவறாமல் கேட்கிறாள், என் கணவர் லூதோவிக் எப்போது என்னை பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்ளப் போகிறார் என்று. புதுச்சேரியில் இந்தப் பொய் சுலபமாகச் செல்லுபடியாகிறது. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் பேப்பருக்குக் காத்திருக்கிறார்கள்.

மாலை முதலியார்பேட்டையில் ஈனெஸ் வீட்டு மாடியில் அவள் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பு. கிளம்பும்போது அத்தை கேட்டார், பிரான்சுக்குப் போகிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று. ஏர்போர்ட்டில் உதவும் என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அங்கே போகப்போவதில்லை, உங்கள் பிள்ளை அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், எனக்கு ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் ஒரு வேலை வேண்டும் என்றா?

அத்தைக்கு ஒரே பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்த மாமாவும் போய்விட்டார். இது தெரிந்தால் உடைந்துபோவார். என்ன ஆனாலும் அத்தை காதுக்குப் போகக்கூடாது.

ஜூலை 4

ஈனெஸுக்கு மட்டும் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளிடமும் சொல்லாமல் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

மே மாதம் வடகம் போட்டு அவருக்கு பார்சல் அனுப்பினேன். வந்துவிட்டது என்று காட்ட ஒரு படம் அனுப்பினார். சமையல் மேடையில் என் வடக டப்பா. பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி. கவனிக்காமல் அனுப்பியிருக்கிறார் மனுஷன். போன் போட்டுக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். எல்லாத்தையும் அப்புறம் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார். அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு எக்ஸ்ப்ளெய்ன் என்ற வார்த்தையும் அதன் சொந்தக்காரர்களும். ஈனெஸ் அழகாகத்தான் ஆரம்பித்தாள். தெரியாத விஷயத்தைப் புரியவைத்தால் எக்ஸ்ப்ளெய்ன். பாதி தெரிந்து குழம்பியிருப்பவனுக்குத் தெளிவாக்கினால் கிளாரிஃபை. தப்பு செய்தவன் தன் பக்க நியாயம் பேசினால் ஜஸ்டிஃபை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டு சேர்த்தால் கன்வே. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடக்கூடாது, ஒரு கதை சொல்கிறேன், எங்கே எது வரும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

மேரி என்று ஒருத்தி. புருஷன் கனடாவில். மேரி அவனுக்கு வடகம் போட்டு அனுப்புகிறாள். அவன் ஒரு படம் அனுப்புகிறான்.

டப்பாவுக்குப் பக்கத்தில் பால் புட்டி எப்படி வந்தது, புருஷன் எப்படி எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுவான், சொல்லுங்கள் என்கிறாள் சிரித்துக்கொண்டே. பின்னாலிருந்து ஒருவன், அவனே புட்டியில்தான் பால் குடிப்பான் மிஸ் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

ரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அதே வகுப்புதான். எங்கள் மொட்டை மாடியில் என்னோடு உட்கார்ந்து வடகம் உருட்டியவள். பார்சல் கட்டும்போது டப்பாவை அமுக்கிப் பிடித்ததும் அவள்தான். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "மேரியா அது?" என்று கேட்டாள்.

பேரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். வடகத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லையா அவளுக்கு? எந்த ஊர் மேரி வடகம் போட்டு அனுப்புவாள்?

ஜூலை 9

ஈனெஸ் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே போய்க் கேட்டேன். ஏண்டி என்றுதான் கேட்க முடிந்தது, அதற்கு மேல் வரவில்லை. அவளுக்கு என் கோபமே புரியவில்லை. "பேர மாத்திட்டேன்லடி. நெசமா நடந்தத சொன்னாதான் அதுங்க மண்டையில நிக்குது" என்றாள். நிற்கும்தான். இனி இந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு என் வடக டப்பாதான் ஞாபகம் வரும்.

அழுதுகொண்டே அவள் மடியில் படுத்துச் சொன்னது அது. மேரி கதையாம். அழுததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியதுதானே.

பீஸ் கட்டியாகிவிட்டது. பரவாயில்லை, இனி அந்தப் படி ஏறமாட்டேன்.

ஜூலை 12

ரஞ்சிதம் நல்லவள், ஆனால் வாய் நிற்காது. அத்தையிடம் அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? நாளைக்குப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்ததும் சொல்லிவிடலாம். முதலில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அவருக்கு அங்க வேற குடும்பம் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன்.

அத்தை அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "தெரியும் சித்ரா. போன நொயேலுக்கே சொல்லிட்டான்" என்றார்.

கிறிஸ்துமஸை அத்தை நொயேல் என்றுதான் சொல்வார். போன கிறிஸ்துமஸ். அப்படியென்றால் மே மாதம்? நான் வடகம் போட்டபோது? மூட்டை வெங்காயத்தை என்னோடு உட்கார்ந்து உரிச்சாங்களே. பூண்டு இன்னும் கொஞ்சம் போடு, அவனுக்குப் புடிக்கும்னு சொன்னாங்களே. இங்கிலீஷ் எதுக்குன்னு வேற கேட்டாங்களே, எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு. இவங்க நெஞ்சு தாங்காதுன்னு நான் குளியலறைக் குழாயைத் திறந்து வெச்சிட்டு அழுதேனே.

ஏன் அத்தை சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ போயிடுவ. எனக்கு யாரு இருக்கா?" அதோடு விட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "பேப்பர் வரலன்னே சொல்லிக்கிட்டு இருப்போமே. அதுல யாருக்கு என்னா போவுது?" என்றார்.

ஈனெஸ் வெளியாள். ஊருக்குச் சொல்லிவிட்டாள், போகட்டும். இவர் என்னிடமே சொல்லவில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு.

ஜூலை 14

சோறு வடித்தேன். தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 29

ஆஸ்பத்திரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். கணவர் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பிரான்சில், சேர்ந்து வாழவில்லை என்று சொன்னேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதானா?

வேலை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. உழவர்கரை

எனக்கென்று மாடியில் ஒரு வாடகை அறையும் சமையல் மேடையும். காற்று வருகிறது, தண்ணீருக்குக் குறையில்லை.

இன்று அத்தை வந்திருந்தார். ஆட்டோ பிடித்து, தூக்கில் வஞ்சிரக் குழம்போடு. நான் கூப்பிடவில்லை. வந்தவரை என்ன செய்வது? தட்டு வைத்தேன், இருவரும் சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொன்னேன். திரும்பி வந்துவிடு என்று கேட்கத்தான் வந்தார். ஜன்னலையும் கட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கேட்காமலே எழுந்தார்.

படி செங்குத்து. கையைப் பிடித்து மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா பாக்யலட்சுமி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"யாரும்மா, உங்க அம்மாவா?"

கல்யாணமான நாளிலிருந்து யார் இப்படிக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு அதில் ரொம்பப் பெருமை. இன்றும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இல்லீங்க. முன்ன நான் இருந்த வீட்டுக்காரம்மா" என்றேன்.

அத்தை என் கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். காலித் தூக்கை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் வரேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.