மீன் குழம்புக்குப் போட்ட தோல் அட்டை

மாதா துணை
ராயபுரம்

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா பிலோமி சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை சாண்ட்ரா, நான் மூவரும் மாதா தயவில் நன்றாக இருக்கிறோம், தோஹா வெயிலில் நீயும் வாடாமல் இருக்க வேண்டுகிறோம். (சொல்வது அம்மா, எழுதுவது சாண்ட்ரா. அடைப்புக்குறிக்குள் வருவதற்கு அம்மா பொறுப்பல்ல.) வேறு யாராவது போனில் சொல்லிப் பயமுறுத்துமுன் நானே சொல்கிறேன், நூலகத்தில் எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். நான் பெருக்கித் துடைக்கிற கிளை நூலகத்தில், கண்ணாடி அலமாரியில் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கப்பல் புத்தகம் ஒன்று இருந்ததே, அது போன வாரம் காணோம் என்றார்கள். சாவி என் கையில், அதனால் சந்தேகம் என் தலையில். வேலை போய்விடும் என்று அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை (மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிட்டார்).

உண்மை என்னவென்றால், அலமாரிக்குள் மழை ஒழுகி அந்தப் புத்தகத்தின் தோல் அட்டை கழன்று வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் உங்கள் புத்தகங்களுக்குக் கோவில் காலண்டர் தாளில் உறை போடுவேனே, அதே மாதிரி அதற்கும் போட்டேன். நல்ல தோலை எறிய மனசு வராமல், கிழிந்து கிடந்த சமையல் புத்தகத்துக்கு மைதாப் பசை தடவி ஒட்டினேன். பிறகு அட்டையைப் பார்த்து அடுக்கியதில் சமையல் கண்ணாடி அலமாரிக்குப் போனது, காலண்டர் உறை போட்ட கப்பல் சமையல் வரிசைக்கு வந்தது. களேபரம் ஆனதும் தேடிப் பார்த்தேன், கப்பல் பத்திரமாக இருந்தது, அலமாரியிலிருந்து போனது தோல் அட்டை போட்ட சமையல்தான். வாயைத் திறந்தால் அட்டையைப் பிய்த்தவள் என்று என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பேசாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை, ஆராய்ச்சி செய்கிறேன் என்று தினமும் வருகிற மூக்குக் கண்ணாடிக்காரர் என்னிடம் மெதுவாக, அந்தக் கப்பல் புத்தகம் அட்டை மாறி வேற எங்கனா இருக்கும், தேடிக் குடும்மா என்றார். அட்டை மாறியது எனக்கு மட்டும்தானே தெரியும், திருடிப் பிரித்துப் பார்க்காமல் இவருக்கு எப்படித் தெரிந்தது? அவரைக் காட்டிக் கொடுத்தால் நானும் மாட்டுவேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். பிறகு நூலகர் மலர் மேடத்திடம் போய், மேடம், அட்டைய மாத்துனது நானு, எட்துகினு போனது அந்தாளு என்று சொல்லிவிட்டேன். போலீஸ் போனபோது வேறு நூலகங்களின் பழைய புத்தகங்களும் அவர் வீட்டில் இருந்தனவாம், நம் சமையல் புத்தகமும்தான். நான் துடைக்க அலமாரியைத் திறந்து வைத்த நேரத்தில் எடுத்தாராம். (துப்புரவுப் பணியாளர் துப்புத் துலக்கினார். திருடர் அதற்குள் வஞ்சிரக் குழம்பு வரை படித்திருப்பார்.)

கப்பல் திரும்ப அலமாரிக்குப் போனது, எனக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் வேலையில் விட்டுவிடுவார்கள் என்றார் மலர் மேடம். சாண்ட்ரா எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்பு எழுதினாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசை போட்டது தப்பு, அத்த எழுது, உறை போட்டது தப்புன்னு எழுதாதே என்றேன். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வேலை இருக்கிறதா என்று திங்கட்கிழமை தெரியும்.

ஞாயிறு பூசையை விடாதே, லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜெரியிடம் அனுப்பும் நெத்திலியை அறைத் தோழர்களுக்கும் கொடு. மாதா உன் கூடவே இருப்பாள்.

உன் அம்மா,
பிலோமி
(கையெழுத்து மட்டும் அவருடையது)